விட்டதைப் பிடித்துத் தருகிறோம்

பணம் போட்டு ஏமாந்த வீடுகளில் பெரும்பாலும் ஒரு பை இருக்கும். ஜவுளிக்கடைப் பையாக இருக்கலாம், ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவராக இருக்கலாம். பீரோவில் சேலைகளுக்கு அடியில், ரேஷன் கார்டோடும் பட்டா நகலோடும் கிடக்கும். உள்ளே நிறுவனம் கொடுத்த பத்திரம், வழவழப்பான தாளில் முதலாளி சிரிக்கும் நோட்டீஸ், பணம் கட்டிய ரசீதுகள், போலீசில் கொடுத்த மனுவின் நகல், அதற்குக் கிடைத்த மனு ரசீது. புதன்கிழமைகளில் பெரம்பலூர், அரியலூர் எஸ்.பி. அலுவலகங்களுக்குக் குறை சொல்ல வருகிறவர்களில் சிலருடைய கையில் இந்தப் பையைப் பார்க்கலாம். மடித்து மடித்து, மடிப்பிலேயே கிழிந்த தாள்கள்.

அந்தத் தாள்கள் ஏமாந்தவருக்குச் சாட்சியம். அதில் இருக்கும் பெயர், தொகை, கைபேசி எண், புகார் கொடுத்த தேதி எல்லாம் இன்னொரு கூட்டத்துக்குச் சரக்கு. ஒருமுறை ஏமாந்தவரைத் தேடிப் பிடித்து, போன பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி மறுபடியும் ஏமாற்றுவது உலகெங்கும் தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. தமிழில் இதற்கு ஒட்டிய பெயர் இன்னும் வரவில்லை. மீட்பு மோசடி என்று சொல்லிப் பார்க்கலாம். ஊரில் சொல்வது இன்னும் பொருத்தம்: விட்டதைப் பிடிக்கப் போய் இருந்ததையும் விட்டான்.

பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். இது குறிப்பிட்ட யாருடைய கதையும் இல்லை. காவல்துறையின் எச்சரிக்கைகளிலும் வழக்குச் செய்திகளிலும் திரும்பத் திரும்ப வருகிற கூறுகளை ஒன்றாகச் சேர்த்தால் கிடைக்கும் வீடு. கணவர் வளைகுடாவில் டிரைவர். மனைவி வீட்டையும் மூன்று ஏக்கர் மக்காச்சோளத்தையும் பார்த்துக்கொள்கிறார். வாட்ஸ்அப்பில் வந்த பங்குச்சந்தைக் குழுவில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டது 3,40,000 ரூபாய். போனது போனதுதான் என்று தெரிந்த அன்று இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட்டார், புகார் எண் வந்தது. அதன்பிறகு எட்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. கணவருக்குப் பாதித் தொகையைத்தான் சொல்லியிருக்கிறார்.

ஒன்பதாம் மாதம் போன் வருகிறது. “மேடம், வணக்கம். சைபர் கிரைம் ஹெட் ஆபீஸ்லேர்ந்து பேசுறோம். மூணு லட்சத்து நாப்பதாயிரம் போனதுக்குப் புகார் கொடுத்திருந்தீங்கல்ல?” சொந்த அம்மாவிடம்கூட வாய்விட்டுச் சொல்லாத தொகை. இத்தனை நாளில் அதைப் பற்றி விசாரித்துக் கூப்பிட்ட முதல் ஆள் இவன்தான். அந்தப் பெண்ணுக்குக் குரல் உடைகிறது. அவன் பொறுமையாகக் காத்திருக்கிறான். வடநாட்டில் ஆளைப் பிடித்தாகிவிட்டது, பணம் ரிசர்வ் வங்கியில் பத்திரமாக இருக்கிறது, உங்கள் பங்கை ரிலீஸ் செய்ய வேண்டியதுதான் பாக்கி என்கிறான்.

வாட்ஸ்அப்பில் கடிதம் வருகிறது. மேலே அசோகச் சின்னம், கீழே ஊதா நிறத்தில் வட்ட முத்திரை, பக்கவாட்டில் இன்னும் இரண்டு முத்திரைகள், பெரிய அதிகாரியின் கையெழுத்து, அந்தப் பெண்ணின் ஆதார் படம். அரசாங்கத்தில் ஒரு காகிதத்துக்கு ஒரு முத்திரை வாங்கவே அல்லாட வேண்டியிருக்கும். இதில் மூன்று. முதலில் ஃபைல் சார்ஜ் 4,999 ரூபாய். அடுத்த வாரம், மீட்ட தொகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 61,200 ரூபாய். அதற்கடுத்து, வெளிநாட்டுக் கணக்கிலிருந்து வருவதால் அமலாக்கத் துறை என்.ஓ.சி. தர வேண்டுமாம், 28,500 ரூபாய். மொத்தம் 94,699. நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்துக் கட்டியாயிற்று. அந்த நேரத்தில் மனம் போடும் கணக்கைக் கவனிக்க வேண்டும். வரப்போவது 3,40,000, போனது 94,699, இன்னும் 2,45,301 லாபம்தானே? தொலைந்த பணம் வரவேண்டிய பணமாக மாறிவிட்ட பிறகு, அதை எட்டும்வரை கட்டுகிற ஒவ்வொரு ரூபாயும் செலவாகத் தெரியாது. மோசடிக்காரன் இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருப்பவன். அவன் கேட்கும் தொகை பெரும்பாலும் அசலைத் தாண்டாது.

பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்பார்கள். விதியை நொந்து சொன்ன வாக்கு அது. இங்கே விதிக்கு வேலையே இல்லை. பட்ட கால்களின் பட்டியல் விலைக்குக் கிடைக்கிறது.

ஆங்கிலம் பேசும் நாடுகளின் மோசடி உலகில் இந்தப் பட்டியலுக்கு ‘சக்கர் லிஸ்ட்’ என்று பெயர், ஏமாளிப் பட்டியல். முதல் மோசடியைச் செய்த கும்பலே வேறு குரலில் திரும்ப வருவதும் உண்டு, இன்னொரு கும்பலுக்குப் பட்டியலை விற்பதும் உண்டு. ஒருமுறை நம்பியவர் மறுமுறையும் நம்பக்கூடியவர் என்பதால், யாரென்று தெரியாத ஆயிரம் எண்களைவிட இந்த நூறு எண்களுக்கு மதிப்பு அதிகம். மூன்றாவது வழிதான் வயிற்றெரிச்சல். ஏமாந்தவர்களே தங்களைப் பட்டியல் போட்டுக்கொள்கிறார்கள். நிறுவனம் மூடியதும் ‘பாதிக்கப்பட்டோர் குழு’ என்று வாட்ஸ்அப், டெலிகிராமில் குழுக்கள் முளைக்கின்றன. யார் வேண்டுமானாலும் சேரலாம். பெயர், ஊர், தொகை, போன் நம்பர் என்று எக்செல் தாள் சுற்றுக்கு வருகிறது. யூடியூபில் செய்தி வந்தால் அதன் கீழே “எனக்கும் நாலு லட்சம் போச்சு சார், எப்படி வாங்குறது, என் நம்பர்…” என்று எழுதுகிறார்கள். பதில் சில நிமிடங்களில் வரும்: எனக்கும் இப்படித்தான் ஆனது, இந்த வக்கீலைப் பாருங்கள், ஒரே வாரத்தில் வாங்கிக் கொடுத்தார். எழுதியவரும் வக்கீலும் ஒரே ஆள்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைச் சுற்றி இப்படிப் பட்டியலில் ஏறக்கூடியவர்கள் எத்தனை அடுக்காகச் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். 1990-களில் பைனான்ஸ் கம்பெனிகளும் தேக்கு மரத் திட்டங்களும் தமிழ்நாடு முழுக்கச் சரிந்தன. அந்தச் சரிவின் பின்னணியில்தான் முதலீட்டாளர்கள் நலன் பாதுகாப்புச் சட்டம் 1997-இல் வந்தது. 2008, 2009-இல் திருப்பூர் பாசி ஃபாரெக்ஸ், 2012-இல் பெருந்துறையின் ஈமு கோழி. இன்னொரு பக்கம் வடக்கிலிருந்து வந்த பி.ஏ.சி.எல்.; நிலம் தருவதாகச் சொல்லி நாடு முழுவதும் சுமார் 5.85 கோடிப் பேரிடம் 49,100 கோடி ரூபாய் திரட்டியது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதன் ஏஜென்ட்கள் வெளியாட்களாக இல்லை, மாமன் மச்சானாக இருந்தார்கள். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கும்பகோணத்தில் 2021-இல் ‘ஹெலிகாப்டர் சகோதரர்கள்’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்தவர்கள் மீது வழக்கு. திருச்சியில் எல்பின் நிறுவனத்தின் மீது வழக்கு. 2023 அக்டோபரில் அதே திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸ் கடைகள் பூட்டிக்கொண்டன. நகைச் சேமிப்புத் திட்டத்தில் 100 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாக அமலாக்கத் துறை சொன்னது. சென்னையில் ஆருத்ரா நிறுவனம், ஒரு லட்சம் பேருக்கு மேல், 2,438 கோடி ரூபாய். இவற்றோடு தீபாவளிச் சீட்டு, வெளிநாட்டு வேலைக்கு விசா என்று வாங்கிய முன்பணம்.

இதெல்லாம் ஆளைப் பார்த்துக் கொடுத்த பணம். கைபேசி வழியாகப் போனது தனிக் கணக்கு. 2023-இல் நாடு முழுவதும் இணைய மோசடியில் மக்கள் இழந்தது 7,465 கோடி ரூபாய். 2024-இல் 22,845 கோடி என்று உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பருத்தியும் விளையும் பெரம்பலூர், முந்திரியும் சிமெண்டும் கொடுக்கும் அரியலூர், இரண்டுக்கும் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மாதாமாதம் பணம் வருகிறது. அறுவடைக் காசும் அயல்நாட்டுக் காசும் சேரும் இடத்தில் மோசடிக்காரர்களுக்கு ஊர்ப் பெயர் தெரியாமல் இருக்காது.

ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டுவது நமக்குப் பழகிய வேலை. முதல் மோசடிக்கு அது ஓரளவு பொருந்தலாம். மாதம் 30 சதவீத வட்டி எங்கிருந்து வரும் என்று யோசித்திருக்கலாம்தான். இரண்டாவதுக்குப் பொருந்தவே பொருந்தாது. இங்கே ஒருவர் கேட்பது தன் சொந்தப் பணத்தை. விற்கப்படும் சரக்கு வட்டி இல்லை, நியாயம். திருடன் பிடிபட்டான் என்ற செய்தி, அரசாங்கம் உன்னை மறக்கவில்லை என்ற செய்தி. கணவரிடமும் மாமியாரிடமும் தலை நிமிர ஒரு வழி. அதை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அசல் அரசாங்கம் பேசாமல் இருப்பதால்தான் போலி அரசாங்கத்தின் குரல் எடுபடுகிறது. இந்த மோசடியின் மூலதனம் அந்த மௌனம்.

மோசடி நிறுவன வழக்கில் பணம் திரும்பும் வழியைப் பார்ப்போம். பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிய வேண்டும். நிறுவனத்தின் சொத்துகளைக் கண்டுபிடிக்க வேண்டும். அவை பெரும்பாலும் மைத்துனர் பெயரிலும் பினாமி பெயரிலும் இருக்கும். அரசு இடைக்கால முடக்க ஆணை போட வேண்டும். மாவட்ட வருவாய் அலுவலர் அந்தஸ்தில் உள்ள தகுதி அலுவலர் சிறப்பு நீதிமன்றத்தில் மனுச் செய்து ஆணையை உறுதிப்படுத்த வேண்டும். இடையில் அந்தச் சொத்தை அடமானம் பிடித்த வங்கி வரும், பங்காளி வருவார், மேல்முறையீடு வரும். எல்லாம் தீர்ந்து ஏலம் போய்க் கிடைத்ததை, புகார் கொடுத்த அத்தனை பேருக்கும் போட்ட தொகையின் விகிதப்படி பிரிக்க வேண்டும். ரூபாய்க்கு இத்தனை காசு என்று வரும். பாசி வழக்கில் மோசடி வெளிப்பட்டது 2009-இல். முதலீட்டாளர்கள் உயர் நீதிமன்றம் போய், 2011-இல் வழக்கு சி.பி.ஐ. கைக்கு மாறியது, கோவை சிறப்பு நீதிமன்றம் இரண்டு பேருக்கு 27 ஆண்டுச் சிறையும் 171 கோடி ரூபாய்க்கு மேல் அபராதமும் விதித்தபோது 2022 ஆகஸ்ட். பதின்மூன்று வருஷம். பணம் போட்டபோது பள்ளிக்கூடம் போன பிள்ளைக்குக் கல்யாணமே ஆகியிருக்கும்.

தூரம் வேறு. பெரம்பலூர்க்காரருக்குப் பொருளாதாரக் குற்றப்பிரிவு திருச்சியில். சிறப்பு நீதிமன்றம் மதுரையில். பெரம்பலூர் நகரத்துக்கு ரயில் நிலையமே கிடையாது. விடியக்காலை பஸ் பிடித்து, திருச்சியில் மாறி, மதுரை போய், வழக்கு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது என்று கேட்டுவிட்டு ராத்திரி வீடு திரும்ப வேண்டும். கதிர் ஒடிக்கும் பருவத்தில் அந்த ஒரு நாளின் கூலி என்ன என்று கணக்குப் போட்டவர்கள் இரண்டாம் முறை போவதில்லை. வீடு தேடி வருகிற போன் குரலுக்கு இதற்குமேல் சிபாரிசு வேண்டியதில்லை.

கைபேசி மோசடியில் நிலைமை இன்னும் நுட்பமானது. 1930-க்கு உடனே கூப்பிட்டால், பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அங்கே அதை நிறுத்தி வைக்க முடிகிறது. நாடு முழுவதும் இப்படித் தடுத்தது 5,489 கோடி ரூபாய்க்கு மேல் என்று 2025 ஜூலையில் அரசு சொன்னது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நிறுத்தி வைத்த பணம் உரியவருக்குத் திரும்பப் பெரும்பாலும் நீதிமன்ற உத்தரவு வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 457, இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 503. தமிழ்நாட்டில் 2024-இல் இழந்தது சுமார் 1,673 கோடி, முடக்கியது 771 கோடி, திருப்பிக் கொடுத்தது 83 கோடி ரூபாய். 771-க்கும் 83-க்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் மீட்பு மோசடிக்காரன் கடை விரித்திருக்கிறான். “உங்கள் பணம் முடக்கப்பட்டு இருக்கிறது, விடுவிக்க வேண்டும்” என்று அவன் சொல்வதில் பாதி, பலருடைய விஷயத்தில் உண்மை. முழுப் பொய்யை உடைப்பது எளிது. பாதி உண்மையை என்ன செய்வது?

வேஷங்கள் பல. பழைய ஒன்று, காலாவதியான காப்பீட்டு பாலிசி. இரண்டு தவணை கட்டி விட்டுப்போன பாலிசியின் விவரம் எப்படியோ வெளியே போகிறது. டெல்லி, நொய்டா பக்கத்துக் கால் சென்டரிலிருந்து காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் அதிகாரி என்று ஒருவர் பேசுகிறார். போனஸோடு பணம் வரும், ஆனால் அதற்கு முன் புதிதாக ஒரு பாலிசி எடுக்க வேண்டும். இரண்டாவதும் காலாவதியாகும்; அதை மீட்க மூன்றாவது. தாங்கள் பாலிசி விற்பதுமில்லை, போனஸ் அறிவிப்பதுமில்லை என்று அந்த ஆணையம் வருஷக்கணக்காக விளம்பரம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்தது ரிசர்வ் வங்கி வேஷம். தனிநபருக்கு ரிசர்வ் வங்கியில் கணக்கே கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. நோட்டில் கையெழுத்துப் போடுகிற வங்கி, பணம் அங்கே இருக்கிறது என்றால் நம்பாமல் எப்படி? தமிழ்நாட்டில் இரிடியம் மோசடி இந்தக் குதிரையில்தான் சவாரி செய்தது. இரிடியம் விற்ற கோடிகள் ரிசர்வ் வங்கியில் இருக்கின்றன, விடுவிக்கக் கட்டணம் கட்டினால் பல மடங்காக வரும் என்று போலி ஆவணங்களைக் காட்டி வசூல் செய்த கும்பலில் 30 பேரை, ரிசர்வ் வங்கி கொடுத்த புகாரின் பேரில் சி.பி.சி.ஐ.டி. 2025 செப்டம்பரில் கைது செய்தது. பணம் ‘வந்துகொண்டே’ இருக்கிறது என்று வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பக் கட்ட வைப்பது மீட்பு மோசடியின் அதே சூத்திரம்தான். அமலாக்கத் துறையின் பெயரில் போலிச் சம்மன்கள் பெருகியதால், அசலைச் சரிபார்க்க அந்தத் துறை தன் சம்மன்களில் கியூ.ஆர். குறியீடு வைக்க வேண்டியதாயிற்று.

கிரிப்டோவில் விட்டவர்களுக்கு ஹேக்கர் வேஷம். திருடனின் வாலட்டை உடைத்து எடுத்துத் தருகிறேன் என்பான். படித்தவர்களுக்கு வக்கீல் வேஷம். அமெரிக்காவில் போலிச் சட்ட நிறுவனங்கள் இப்படி கிரிப்டோவில் ஏமாந்தவர்களிடம் 2023 பிப்ரவரியிலிருந்து ஓராண்டில் 99 லட்சம் டாலர் கறந்ததாக எஃப்.பி.ஐ. சொன்னது. அதைவிட வேடிக்கை, எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்தின் பெயரிலேயே ஆட்கள் கிளம்பியது. 2023 டிசம்பரிலிருந்து 2025 பிப்ரவரி வரை நூறுக்கு மேற்பட்ட புகார்கள், புகார் வாங்குகிற இடத்தின் போலியைப் பற்றியே.

பணம் கேட்காத வகை ஒன்று உண்டு, அதுதான் கொடூரம். ரீஃபண்ட் விண்ணப்பம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏ.பி.கே. கோப்பு வரும், நிறுவினால் கைபேசி அவர்கள் கைக்குப் போய்விடும். அல்லது, உங்கள் பணம் வர ஒரு புதுக் கணக்கு தொடங்கி ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் அனுப்புங்கள் என்பார்கள். அனுப்பியவரின் கணக்கில் இன்னொரு ஊர்க்காரரின் பறிபோன பணம் வந்து இறங்கி மறையும். சில மாதம் கழித்து வேறு மாநிலப் போலீஸ் கதவைத் தட்டும்போது, ஏமாந்தவர் குற்றம் சாட்டப்பட்டவராகியிருப்பார்.

பழைய நிறுவனமே மீட்பு வேஷம் போடுவதும் உண்டு. யாரும் புகார் கொடுக்காதீர்கள், வழக்கு வந்தால் சொத்து முடங்கிவிடும், இன்னும் கொஞ்சம் போட்டால் பழைய பாக்கியும் சேர்ந்து வரும் என்பார்கள். இதில் முதல் பாதி எவ்வளவு ஆழமாக வேலை செய்யும் என்பதற்கு 2024 ஜனவரியில் கோவை நீலாம்பூரில், விளம்பரம் பார்த்தால் பணம் என்று ஆள் சேர்த்த மைவி3 ஆட்ஸ் நிறுவனத்துக்கு ஆதரவாக ஆயிரக்கணக்கில் கூடிய கூட்டமே சாட்சி. தங்கள் பணத்தைக் காக்க, பணம் வாங்கிய நிறுவனத்தைக் காக்கத் திரண்டவர்கள் அவர்கள்.

ஏமாந்தவர்களின் சங்கங்களைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் நிதானம் தேவை. பாசி வழக்கு சி.பி.ஐ.க்குப் போனதே முதலீட்டாளர்கள் ஒன்றுசேர்ந்து நின்றதால்தான். கூட்டாக வக்கீல் வைக்க ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் வசூலிப்பதில் தப்பில்லை; வக்கீலும் ஃபீஸ் வாங்கத்தான் செய்வார். ஆனால் அதே ஐந்நூறு ரூபாய் வசூலை, ரசீதும் கணக்கும் வழக்கு எண்ணும் இல்லாமல், “டி.எஸ்.பி.கிட்ட பேசிட்டோம்” என்று சொல்லி நடத்தும் ஆட்களும் உண்டு. பட்டா மாற்றத்திலிருந்து முதியோர் பென்ஷன் வரை எதற்கும் ‘முடித்துத் தர’ ஒரு ஆள் இருந்து பழகிய ஊரில், கோர்ட்டுப் பணத்தை முடித்துத் தரவும் ஒரு ஆள் வந்தால் யாருக்கும் விநோதமாகத் தோன்றாது. போன் மோசடிக்காரன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும் புரோக்கரின் வேலையைக் கைபேசிக்கு மாற்றிக்கொண்டான்.

அமெரிக்கா இந்த வேருக்கே 1995-இல் கத்தி வைத்துப் பார்த்தது. அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையத்தின் டெலிமார்க்கெட்டிங் விதியின்படி, இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகப் போனில் சொல்கிறவர், பணம் உரியவர் கைக்கு வந்து ஏழு வேலை நாள் ஆகும்வரை ஒரு பைசா கேட்கக் கூடாது. உரிமம் பெற்ற வக்கீலுக்கு மட்டும் விலக்கு. கேட்டாலே விதிமீறல். ஏமாற்றும் நோக்கம் இருந்ததா என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

நம்மிடம் சட்டப் பிரிவுகளுக்குப் பஞ்சமில்லை. பாரதிய நியாய சன்ஹிதா 318 மோசடிக்கு, 319 ஆள்மாறாட்டத்துக்கு, 204 அரசு ஊழியர் வேஷத்துக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-டி கணினி வழி ஆள்மாறாட்டத்துக்கு. எல்லாம் பணம் போன பிறகு உதவுகிறவை. முன்பணம் கேட்பதையே தடுக்கும் எளிய விதி ஒன்று இந்தியாவில் வரலாம். அதைவிட மலிவான மருந்து இன்னொன்று இருக்கிறது. புகார் கொடுத்தவருக்கு மாதம் ஒரு குறுஞ்செய்தி: உங்கள் வழக்கு இந்த நிலையில் இருக்கிறது, இத்தனை ரூபாய் முடங்கியிருக்கிறது, எதற்கும் கட்டணம் கிடையாது. சமையல் எரிவாயு சிலிண்டர் எங்கே வருகிறது என்று செய்தி அனுப்ப முடிகிற நாட்டில் இது முடியாத காரியமில்லை. அரசாங்கம் அந்த நாலு வரியை எழுதாதவரை, வேறு ஒருவன் எழுதுவான்.

இருப்பதை வைத்து ஒருவர் செய்யக்கூடியது என்ன? மீட்ட பணத்தைத் தர அரசோ நீதிமன்றமோ ஃபைல் சார்ஜ், ஜி.எஸ்.டி., டெபாசிட் என்று முன்பணம் வாங்குவதில்லை. இந்த ஒன்று போதும், மற்ற அடையாளங்களில் பாதியை மறந்துவிடலாம். சின்ன மாவட்டத்தில் இருப்பதில் ஒரு வசதியும் உண்டு. பெரம்பலூரிலும் அரியலூரிலும் சைபர் கிரைம் காவல் நிலையம் மாவட்டத் தலைநகரிலேயே இருக்கிறது, டவுன் பஸ்ஸில் போய், புகார் எண்ணைக் காட்டி, “இப்படி ஒரு போன் வந்துச்சு, நீங்கதானா?” என்று நேரில் கேட்டுவிடலாம். போனில் பேசும் ஆள் இதைத்தான் முதலில் தடுப்பான். ரகசிய விசாரணை, யாரிடமும் சொல்லக் கூடாது என்பான். இரண்டாவது முறை ஏமாந்தவர்கள் அங்கே போக வெட்கப்படுகிறார்கள். முதல் புகாருக்கே “படிச்சவங்கதானே நீங்க?” என்று கேட்டிருந்தால் இரண்டாவது புகார் வராது. புள்ளிவிவரத்தில் இந்த மோசடி குறைவாகத் தெரிவதற்கு அந்த ஒரு கேள்விகூடக் காரணமாக இருக்கலாம்.

சிக்கல் அதோடு தீரவில்லை. அசல் விசாரணை அதிகாரியும் கைபேசியில்தான் கூப்பிடுகிறார். சில சமயம் சொந்த நம்பரிலிருந்து. அவரும் வங்கிக் கணக்கு ஸ்டேட்மென்ட் கேட்பார், ஆதார் நகல் கேட்பார். சஹாரா கூட்டுறவுச் சங்கங்களில் போட்டவர்களுக்கு 2023 ஜூலையில் அரசே இணையதளம் திறந்து, முதலில் பத்தாயிரம் ரூபாய் வரை, பிறகு ஐம்பதாயிரம் வரை கொடுக்கத் தொடங்கியது. இணையதளத்தில் விவரம் கொடு, பணம் வரும் என்பது அங்கே உண்மையாகவே நடந்தது. பி.ஏ.சி.எல். பணத்துக்காக உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2016-இல் அமைந்த நீதிபதி லோதா குழு, அசல் பத்திரத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று திரும்பத் திரும்ப எச்சரித்தது. சிறு தொகைக்காரர்களில் தொடங்கிப் படிப்படியாகப் பணம் கொடுத்து வந்தபோது, தகுதியானவர்களை அந்த அசல் பத்திரத்தை அனுப்பச் சொல்லி, பங்குச்சந்தை ஒழுங்காற்று வாரியமான செபியின் குறுஞ்செய்தி வந்தது. கெடு தேதியும் உண்டு.

அந்தச் செய்தி வரும்போது வீட்டில் என்ன நடக்கும் என்று ஊகிக்கலாம். பீரோவிலிருந்து பை வெளியே வருகிறது. பத்திரம் எடுக்கப்படுகிறது, மடிப்பில் கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டியிருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து மகன் போனில் கத்துகிறான்: “அம்மா, எதையும் யாருக்கும் அனுப்பாதே, எல்லாம் ஃபிராடு.” குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் போன மாதம் வந்த போலிக் கடிதம் நல்ல தமிழில், மூன்று முத்திரையோடு இருந்தது. கெடுவுக்கு இன்னும் பதினொரு நாள். பத்திரம் மறுபடியும் பைக்குள் போகிறது. கூரியர் ஆபீசுக்கா, பீரோவுக்கா என்று இன்னும் முடிவாகவில்லை.